பெரிய மணியின் பெட்டி

அம்பாசமுத்திரத்தில் என் அம்மா பிறந்த வீட்டுப் பட்டாசாலையில், தெற்குச் சுவரை ஒட்டி, ஆறேமுக்கால் அடி உயரத்தில் ஒரு நிலைக்கடிகாரம் நிற்கிறது. சென்ற ஆனி மாதம், மேற்கே மலையில் சாரல் பிடித்திருந்த ஒரு முற்பகலில், பழம்பொருள் வாங்கி விற்கும் வியாபாரி ஒருவர் அதைப் பார்க்க வந்தார். தலைப்பெட்டியை முன்னால் இழுத்து எடுத்துத் தரையில் வைத்தார். கைபேசி வெளிச்சத்தில் சக்கரங்களைப் பார்த்தார். நடுப்பெட்டிக் கதவைத் திறந்து உட்புறப் பலகையை விரல் மடக்கித் தட்டினார். "மிஷின் சீமைச் சரக்கு அண்ணாச்சி, அதுல சந்தேகமே இல்ல. பெட்டி நம்மூரு ஆசாரி அடிச்சது. மிஷினுக்கு மட்டும் ஒரு விலை சொல்லுதேன்" என்றார். பெட்டியை என்ன செய்வது என்று மாமா கேட்டதற்கு, அதை வீட்டில் துணி அடுக்க வைத்துக்கொள்ளலாம் என்று அவர் உண்மையான அக்கறையோடு யோசனை சொன்னார்.

மாமா விற்கவில்லை. ஆனால் எனக்கு அந்தப் பேச்சு உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'பெரிய மணி'. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது நடந்த ஏலத்தில் பூட்டன் எடுத்தது என்பது குடும்பக் கதை. சிறு வயது முதல் அதைத் தலையிலிருந்து கால்வரை சீமைப் பொருளாகவே நினைத்திருந்தேன். இங்கிலாந்தின் பழம்பொருள் கடைக்காரர்கள், ஒரு பெட்டியில் வேறொரு இயந்திரம் பொருந்தியிருந்தால் அதைத் 'திருமணம்' என்று இகழ்ச்சியாகக் குறிப்பது வழக்கம். ஜாதகம் பார்க்காமல் முடித்துவைத்த திருமணம் என்று நாம் விரித்துக்கொள்ளலாம். எங்கள் பெரிய மணியும் அந்தக் கணக்கில்தான் சேருமா என்று தெரிந்துகொள்வதற்காக, இந்த வகைக் கடிகாரங்களின் பெட்டிகள் எப்படி எப்படி மாறிவந்தன என்று ஓராண்டாகப் படித்தேன்.

உலகம் முழுவதும் இன்று இதற்கு வழங்கும் 'தாத்தா கடிகாரம்' என்ற பெயர் பழையதன்று. 1876இல் அமெரிக்காவில் ஹென்றி கிளே வொர்க் இயற்றிய பாட்டு ஒன்று, தாத்தாவின் கடிகாரத்தைப் பற்றியது, பெரும் புகழ் பெற்றபின் நிலைத்த பெயர் அது. அதற்கு முன் இருநூறு ஆண்டுகள் இது வெறும் நீள்பெட்டிக் கடிகாரமாகத்தான் இருந்தது. பிற்பாடு உறவுமுறை வளர்ந்து, உயரம் குறைந்தவை பாட்டி என்றும் பேத்தி என்றும் பெயர் பெற்றன.

இதன் உருவம் முதலில் அழகை நினைத்து அமைந்ததன்று. 1656இல் ஹாலந்தில் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தபோது, ஊசல் குட்டையாகவும் அதன் வீச்சு மிக அகலமாகவும் இருந்தது. அத்தனை அகலமாக வீசும் ஊசலை நீளமாக்கினால் அதற்கு ஓர் அலமாரி அளவு இடம் வேண்டும். 1670ஐ ஒட்டி, நங்கூர வடிவில் ஒரு சிறு உறுப்பு பற்சக்கரத்தைப் பிடித்து விடும் முறை லண்டனில் வந்தது. வில்லியம் கிளெமென்ட், ராபர்ட் ஹூக் ஆகிய இருவர் பெயரும் அதோடு சேர்த்துச் சொல்லப்படுகின்றன. வீச்சு நாலைந்து பாகைக்குள் சுருங்கியது. ஊசல் ஏறத்தாழ ஒரு மீட்டர் நீண்டு, ஒரு பக்கம் போக ஒரு நொடி என்று நிதானப்பட்டது. நீண்ட ஊசலும், கயிற்றில் மெல்ல இறங்கும் ஈயக் குண்டுகளும் தூசியும் குழந்தைகளின் கையும் படாமல் இருக்க ஓர் உயரமான பெட்டி தேவைப்பட்டது. வீச்சு குறைவாகையால் நடுப்பெட்டி ஒடுங்கியது; முகப்பைத் தாங்கும் தலைப்பெட்டி அகன்றது; சாயாமல் நிற்க அடிப்பெட்டி பருத்தது. பின்னர் வந்த பாணிகள் எல்லாம் இந்த மூன்று பெட்டிகளின் மேல் போர்த்திய உடுப்புகளே.

ஊசலைப் பற்றிப் படிக்கும்போது, எங்கள் ஊருக்கே உரிய ஒரு செய்தி கிடைத்தது. 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரிபார்த்த கடிகாரத்தைத் தென்னமெரிக்காவில் நிலநடுக்கோட்டை அடுத்த கயேன் தீவுக்குக் கொண்டுபோனபோது, அது நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பிந்தியது. நிலநடுக்கோட்டுப் பக்கம் புவியின் ஈர்ப்பு சற்றுக் குறைவு என்பதே காரணம். அம்பாசமுத்திரமும் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டேமுக்கால் பாகைக்குள்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன்: லண்டனில் நொடி பிசகாமல் ஓடிய ஒரு நிலைக்கடிகாரத்தைத் தாமிரபரணிக் கரையில் கொண்டுவந்து வைத்தால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் பிந்தும், அதைச் சரிக்கட்ட ஊசலை 3 மில்லிமீட்டர் குறுக்க வேண்டும். பெரிய மணியின் ஊசல் தட்டுக்கு அடியில் இருக்கும் நட்டை அன்றே போய்ப் பார்த்தேன். யாரோ அதை நன்றாக மேலே ஏற்றி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே கம்பியில் வெறும் புரிகள் நீண்டிருக்கின்றன. ஏற்றியவருக்கு ரிஷேயைத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சுவாமி புறப்பாட்டு நேரத்துக்கு மணி பிந்துகிறது என்பது தெரிந்தாலே போதும்.

இனிப் பெட்டிகளுக்கு வருகிறேன். முதல் நிலைக்கடிகாரங்கள் கருங்காலியை வெனீராக, அதாவது மெல்லிய மரத் தகடாக, ஒட்டியோ, மட்டமான மரத்துக்குக் கருப்பேற்றியோ செய்யப்பட்டவை. இன்று ஊருக்கு ஊர் மாலையாகக் கோத்து விற்கும் கருங்காலி, அன்று லண்டனில் மணி காட்டும் பெட்டிக்கு மேலொட்டாக இருந்திருக்கிறது. தலைப்பெட்டி ஒரு சிறிய கிரேக்கக் கோயில் முகப்பைப் போல் முக்கோண முகட்டோடு இருக்கும். அளவு சிறியது, நகாசு குறைவு. எனக்குப் பிடித்த பாணி எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். பிறகு அக்ரூட் என்னும் வால்நட் மர வெனீர் வந்தது. அதில் வேறு நிற மரத்துணுக்குகளைப் பதித்துப் பூவும் பறவையும் செய்தார்கள். தலைப்பெட்டியின் இரு பக்கத் தூண்களை முறுக்கினார்கள். நடுப்பெட்டிக் கதவில் வட்டக் கண்ணாடி வைத்து, ஊசல் தட்டு மின்னிப் போவதை வெளியே காட்டினார்கள். அந்தக் காலத்துத் தலைப்பெட்டியை மேல்நோக்கித் தூக்கித்தான் முகப்பைத் தொட முடியும். பெட்டிகள் உயர்ந்து மேலே தூக்க இடமில்லாமல் போனதும், முன்னால் இழுக்கும் முறையும் கதவு வைக்கும் முறையும் வந்தன.

காலம் கணிப்பவர்கள் நம்பும் ஒரு சின்ன அடையாளம் உண்டு. தலைப்பெட்டிக்கு நேர் கீழே ஓடும் மரவரி, கோயில் அதிட்டானத்துக் குமுதம்போல வெளியே குவிந்திருந்தால் பெட்டி பெரும்பாலும் 1700க்கு முந்தியது. உள்ளே குழிந்திருந்தால் பிந்தியது. எங்கள் பெரிய மணியில் அது குழிந்திருக்கிறது. ஆசாரிக்கு அந்த ஆண்டு எல்லை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. முன்னால் இருந்ததைப் பார்த்து இழைத்திருக்கிறார்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் 'ஜப்பான் வேலை' என்றொரு மோகம் பரவியது. கீழைநாட்டு மெருகுப் பெட்டிகளைப் பார்த்து ஆசைப்பட்ட ஆங்கிலேயக் கைவினைஞர்கள், கருப்பு, சிவப்பு, பச்சை நிறம் பூசி, அதன்மேல் பொன்னிறத்தில் மண்டபமும் பாலமும் குடைபிடித்த மனிதர்களும் தீட்டினார்கள். சீன, ஜப்பானிய மெருகு ஒரு மரத்தின் பாலிலிருந்து வருவது. அது இங்கிலாந்தில் கிடைக்காது. ஆகவே அவர்கள் கையாண்டது இந்தியாவிலிருந்து போன அரக்கைச் சாராயத்தில் கரைத்த மெருகு. அம்பாசமுத்திரத்தில் மரச்செப்புச் சாமான் கடைபவர்கள், சுழலும் கட்டையின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, சூட்டில் உருக்கி நிறமேற்றுவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, சீமைக்காரர் அதே அரக்கை வாங்கிச் சீனத்தைப் போலிசெய்து அதற்கு ஜப்பான் பெயரை வைத்தது சற்றுச் சிரிப்பாகத்தான் இருக்கிறது.

1721இல் பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளிலிருந்து வரும் மரங்களுக்கு இறக்குமதி வரி நீங்கியபின் மகாகனி மலிந்தது. நூற்றாண்டின் நடுவில் அதுவே பெட்டிகளின் மரமாயிற்று. இதே காலத்தில் முகப்பும் மாறிவிட்டது. சதுரமாக இருந்த பித்தளை முகப்பின் மேல் ஓர் அரைவட்டம் ஏறியது. நம் கண்ணுக்கு அது திருவாசி வைத்தது போலத் தோன்றும். முகப்பு வளைந்ததும் தலைப்பெட்டியும் வளைந்தது. அதைப் பார்த்துக் கதவின் மேல்விளிம்பும் வளைந்தது. லண்டன்காரர்கள் சீனக் கோபுரம் போன்ற பகோடா முகட்டை விரும்பினார்கள். வடக்கே லங்காஷயர்ப் பக்கத்தார் இரண்டு அன்னக் கழுத்துகள் எதிரெதிராக வளைந்து நிற்கும் முகட்டை விரும்பினார்கள். காலம் போகப் போக அவர்கள் பெட்டியை அகலப்படுத்தி, தூணையும் பித்தளையையும் ஏற்றிக்கொண்டே போனார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் அகன்ற மகாகனிப் பெட்டிகள் சில, ஊசலுக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு இடத்தை அடைத்து நிற்கின்றன. பொருளுக்கும் உருவத்துக்கும் இருந்த உறவு அங்கே அறுந்துவிட்டது என்பது என் கருத்து. நம் வீடுகளின் ஜெர்மன் சுவர்க்கடிகாரங்களிலும் இப்படி ஒன்று உண்டு. வெப்பத்தால் கம்பி நீள்வதை ஈடுகட்ட ஜான் ஹாரிசன் பித்தளையையும் எஃகையும் மாற்றி மாற்றி அடுக்கிச் செய்த ஊசலை, அவற்றில் பல வெறும் ஒப்பனைக் கம்பிகளாகத் தொங்கவிட்டிருக்கும்.

பெரிய மணியின் முகப்பு, பித்தளைக்கு அடுத்து வந்த வகை. 1772இல் பர்மிங்காமில் வெள்ளை வண்ணம் தீட்டிய இரும்பு முகப்புகள் விற்பனைக்கு வந்தன. செதுக்கிய பித்தளையைவிட இரவில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் படிக்க எளிது என்பதால் அவை நாட்டுப்புறமெங்கும் பரவின. எங்கள் முகப்பின் நான்கு மூலைகளிலும் நான்கு பருவங்கள் பெண்ணுருவங்களாக இருக்கின்றன. அவற்றில் குளிர்காலம், நெருப்பருகே போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. காய்ச்சல்காரப் பாட்டி என்று நாங்கள் சிறுவர்கள் அதற்குப் பெயர் வைத்திருந்தோம். குளிர்காய உட்கார வேண்டிய ஒரு பருவத்தை நாங்கள் கண்டதில்லை.

மேலே அரைவட்டத்துக்குள் நிலாத் தட்டு. அதில் இரண்டு நிலாக்கள் எதிரெதிரே தீட்டியிருக்கும். விளிம்பில் 118 பற்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பல்லாக நகர்ந்து, 59 நாளில் தட்டு ஒரு சுற்று வரும். அதாவது ஒரு நிலாவுக்கு இருபத்தொன்பதரை நாள். தெருவிளக்கு இல்லாத காலத்தில், எந்த இரவில் நிலவொளியில் பயணம் போகலாம் என்று பார்ப்பதற்காக ஆங்கிலேயர் வைத்துக்கொண்டது அது. எங்கள் தாத்தா அதைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்ப்பார். உண்மையான சந்திர மாதம் இருபத்தொன்பதரை நாளைவிட முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான அளவு கூடுதல் என்பதால், தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் முந்திவிடும். மூன்று ஆண்டு நிறைவதற்குள் ஒரு நாளே முந்திவிடும். அமாவாசைத் தர்ப்பணத்துக்கு அதை நம்ப முடியாது என்பது தாத்தாவின் முடிவு. "சீமைக்காரனுக்குத் திதி தெரியாது" என்று சொல்லிக்கொண்டே, பௌர்ணமியன்று ஒரு விரலால் தட்டைப் பின்னுக்குத் தள்ளி வைப்பார்.

வியாபாரி சொன்னதற்குப் பதில் எனக்குக் கிடைத்தது பாணிகளின் பட்டியலில் அன்று. பெட்டியை யார் செய்தார்கள் என்ற கேள்வியில்தான். முகப்பில் பெயர் எழுதிக்கொண்ட கடிகாரக்காரர் பெட்டி செய்பவரல்லர். லண்டனிலேயே அது வேறு தொழில், வேறு பட்டறை. நாட்டுப்புறத்தில் கடிகாரக்காரர் இயந்திரத்தைக் கொடுப்பார்; உள்ளூர்த் தச்சர், கையில் கிடைத்த ஓக் மரத்திலோ பைன் மரத்திலோ, நகரத்துப் பாணியைத் தாம் கண்டு நினைவில் வைத்திருந்த அளவுக்குப் பெட்டி அடிப்பார். சுவீடனில் மோரா என்ற ஊர்ப்பக்கத்துக் குடியானவர்கள், விளைச்சலை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாமல், வீட்டுக்கு ஓர் உறுப்பாகப் பகிர்ந்து இயந்திரங்கள் செய்தார்கள். வாங்கியவர்கள் பெட்டியைத் தத்தம் ஊரில் அடித்துக்கொண்டார்கள். ஒடுங்கிய கழுத்தும் பருத்த இடையுமாக அந்தப் பெட்டிகள் நிற்கும் அழகே தனி. டென்மார்க்கின் போர்ன்ஹோம் தீவில், 1744இல் கரை ஒதுங்கிய டச்சுக் கப்பலில் இருந்த நிலைக்கடிகாரங்களைப் பழுதுபார்க்கப் போய், தீவுக்காரர்கள் அந்தத் தொழிலையே கற்றுக்கொண்டார்கள். அமெரிக்காவில் எலை டெரி 1807இல் நாலாயிரம் மரச்சக்கர இயந்திரங்கள் செய்ய ஒப்பந்தம் போட்டார். அந்த இயந்திரங்களுக்கும் பெட்டி வேண்டியவர்கள் தங்கள் ஊர்த் தச்சரிடம்தான் போனார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு பெரிய மணியின் பெட்டியை மறுபடி பார்த்தேன். துரை வீட்டிலிருந்து வந்த மூலப் பெட்டியைக் கறையான் தின்றுவிட்டது என்று ஆச்சி சொல்லியிருக்கிறாள். அது வியப்பில்லை. மகாகனி வெனீருக்குப் பின்னால் பைன் பலகை இருக்கும். அதை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம். இரண்டு ஐப்பசி மழைக்கு வஜ்ஜிரம் இளகும், வெனீர் எழும்பும். மிச்சத்தைக் கறையான் பார்த்துக்கொள்ளும். புதுப்பெட்டியை அடித்தவர் ஒட்டுவேலையை அறவே விட்டுவிட்டு, முழுத் தேக்கில், கழுந்தும் துளையுமாக இணைத்திருக்கிறார். முகட்டில் இரண்டு வளைவுகள் அன்னக் கழுத்தின் அதே நெளிவோடு எழுகின்றன. ஆனால் லங்காஷயரில் பித்தளைப் பூ இருக்க வேண்டிய முனைகளில், எங்கள் பக்கத்து வாசல் நிலைகளில் காண்கிற மாதிரி இரண்டு கிளிகள், அலகு தாழ்த்தி, நடுக்கலசத்தைப் பார்த்து நிற்கின்றன. பக்கத் தூண்களில் கொரிந்தியப் பித்தளைத் தலை வரவேண்டிய இடத்தில், கோயில் மண்டபத்துப் போதிகை போல வாழைப்பூ தலைகீழாகத் தொங்குகிறது. கதவின் மேல்வளைவு முகப்பின் வளைவோடு விரற்கடை பிசகாமல் ஒத்துப்போகிறது. மாதிரியின் எலும்பை அவர் அப்படியே பிடித்துக்கொண்டு, சதையை மட்டும் தம் ஊர்ச் சதையாக வைத்திருக்கிறார்.

கதவைத் திறந்தால் உட்புறப் பலகையில் தச்சுப் பென்சிலால் எழுதிய அளவுகள் இன்னும் தெரிகின்றன: தமிழ் எண்களில் ௩ (மூன்று) என்றும், அதன் கீழே ௭ (ஏழு) என்றும், பக்கத்தில் ஒரு சாய்கோடும். எதை அளந்தார் என்று நான் பல அளவுகளைப் பொருத்திப் பார்த்தும் பிடிபடவில்லை. அதற்குக் கீழே, ஊசல் தட்டு உரசி உரசி ஏற்பட்ட ஒரு வில் வடிவத் தழும்பு இருக்கிறது. திருமணக் கடிகாரங்களைக் கண்டுபிடிக்கும் வழிகளில் ஒன்று இந்தத் தழும்புதான். தட்டு இப்போது ஆடும் மட்டத்துக்கு மேலேயோ கீழேயோ வேறொரு தழும்பு இருந்தால், அந்தப் பெட்டியில் முன்பு வேறொரு இயந்திரம் குடியிருந்தது என்று பொருள். முகப்பின் ஓரத்துக்கும் மரச்சட்டத்துக்கும் இடையே சந்து தெரிந்தாலும் அப்படியே. எங்கள் பெட்டியில் சந்து இல்லை. தழும்பும் ஒன்றே ஒன்றுதான், தட்டு இன்று ஆடும் அதே உயரத்தில்.

முகட்டின் மூன்று கலசங்களில் வலப்பக்கத்தது நான் பிறப்பதற்கு முன்பே காணாமல் போய்விட்டது. அந்த வியாபாரி, போகிறபோக்கில், பித்தளைக் குண்டு மூன்று வாங்கித் தருகிறேன், சீமைக் கடிகாரம் போலவே இருக்கும் என்றும் சொல்லிவிட்டுத்தான் போனார். மாமா கேட்கவில்லை. பழைய தேக்கு உத்தரத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு செப்புச் சாமான் கடையும் ஒருவரிடம் போனோம். இடப்பக்கத்துக் கலசத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், அளவுகோல் எதையும் எடுக்காமல், கடைசல் பட்டறையில் கட்டையைப் பூட்டினார். உளியிலிருந்து தேக்குச் சுருள் உதிர உதிர, முதலில் குடத்தின் வயிறு வந்தது, பிறகு கழுத்து, கடைசியில் மொட்டு. அரைமணி நேரத்தில் முடிந்தது. "அரக்கு ஏத்தவா, இல்ல மரமாவே இருக்கட்டுமா?" என்று கேட்டார். மாமா என்னைப் பார்த்தார். மரமாகவே இருக்கட்டும் என்றேன். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால், புதுக் கலசம் மற்றதைவிட ஒரு நூல் குட்டை; நிறமும் வெளுப்பு. முக்காலிமேல் ஏறி நின்றிருந்த மாமா, கிளியின் தலையைத் துணியால் ஒருமுறை துடைத்துவிட்டு இறங்கி, அன்று ஞாயிற்றுக்கிழமையாகையால், இரண்டு துளைகளிலும் சாவியைப் போட்டுக் குண்டுகளை மேலே ஏற்றினார்.